ஐஸ் ப்ளேடுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் துரு என்னுடைய இலாகா. கரண்ட் பில், காஸ், ஸ்கூட்டர் சர்வீஸ் எல்லாம் கணவருடையவை. படிப்பும் ஸ்கேட்டிங்கும் மகளுடையவை. துருவை மட்டும் நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்தைப் பார்த்த மாதிரி இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். இங்கே ஃப்ரிட்ஜின் கால் துருப்பிடித்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சேலையில் குத்திய பின்னை ஒரு வாரம் மறந்தால் பழுப்பு வட்டம் விழுந்துவிடும். பால்கனிக் கம்பிக்கு வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறோம், அதுவும் வருடா வருடம் உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு ஜோடி ஐஸ் ஸ்கேட்ஸ் இருந்தது. தாம்பரம் பக்கத்துப் பெண் ஐஸில் ஓடுகிறாள் என்று சொன்னால் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்து ஓடப் பழகுகிறாளா என்று ஒருவர் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார். அவரோடு இன்றுவரை நான் பேசுவதில்லை.

மகள் ஐந்து வயதிலிருந்து சக்கர ஸ்கேட்டிங் ஓடியவள். பதினைந்தாவது வயதில் அவளுடைய கோச், சக்கரத்தில் இப்படி வளைவு எடுக்கிற பெண் ஐஸிலும் ஓடலாம் என்றார். இங்கே ஓடுகிற அளவுக்கு ஐஸ் தளம் எதுவும் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை வடக்கே ரயிலேறிப் போய் இரண்டு மூன்று வாரம் பழகிவிட்டு வருவாள். மற்ற நாளெல்லாம் நாவலூர்ப் பக்கம் ஒரு புது லேஅவுட்டின் ஆளில்லாத தார் ரோட்டில் விடிகாலைச் சக்கர ஓட்டம்தான். அந்த மாதங்களில் ஐஸ் ஸ்கேட்ஸ் என் பீரோவுக்குள் இருக்கும்.

அந்த ப்ளேடைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். கனம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டையின் இரண்டு ஓரங்களும்தான் ஐஸைக் கடித்துப் பிடிக்கும். ஆள் வளைவில் தரையோடு தரையாகச் சாய்ந்து போகும்போது அவள் எடை முழுக்க அந்த ஒரு ஓரத்தில்தான் நிற்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் கூர் நிற்காதாம். கார்பன் ஸ்டீல்தான் நிற்குமாம், ஆனால் அது துருப்பிடிக்கும். நமக்கு வாய்ப்பதெல்லாம் இப்படித்தானே வாய்க்கிறது.

நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பல் க்ளினிக்கில் உதவியாளர். பதினாறு வருடமாகப் பல் டாக்டரின் கருவிகளைக் கழுவி, துடைத்து, சூடேற்றி, மறுபடி துடைத்து அடுக்குகிறேன். ஈரத்தோடு ஒரு கருவியை டிராயரில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தத் திமிரில்தான் மகளிடம், ஓடுவது உன் வேலை, ப்ளேடு என் வேலை என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பி ஒப்படைத்துவிட்டாள்.

முதல் வருடம் தேங்காய் எண்ணெய் தடவினேன், அது பிசுபிசுவென்று தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டது. பிளாஸ்டிக் உறையோடு அப்படியே உள்ளே வைத்தேன், உறைக்குள் வேர்த்து ஓரம் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. அப்போது கூர் தீட்டும் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்ததும் போய்விட்டது. பிறகு நான் சளைக்கவில்லை. மெல்லிய பருத்தித் துணியால் ஈரம் ஒற்றுவேன். ஷூவும் ப்ளேடும் சேரும் இடுக்கில் காது குடையும் பஞ்சுக்குச்சியை விட்டு எடுப்பேன். தையல் மிஷின் எண்ணெயை ஒரே ஒரு சொட்டு விட்டு விரலால் நீவுவேன். துணி உறை போட்டு, க்ளினிக்கில் மாத்திரை டப்பாக்களிலிருந்து சேர்த்த ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களோடு பையில் வைப்பேன். வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். மூன்று வருடம் ஒரு புள்ளி துரு கிடையாது. கோச்சே ஒருமுறை, மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் உங்களிடம் ட்யூஷன் வர வேண்டும் என்றார். ஒரு வாரம் அந்தப் பெருமையில் நடந்தேன்.

போன வருடம்தான் அவளுக்கு ஜூனியர் பிரிவில் கடைசி வருடம். பொத்தேரியில் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அந்த அக்டோபரில் வடக்கே நடக்கும் அணித் தேர்வுப் போட்டியில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் ஜூனியர் அணியோடு வெளிநாடு போகலாம். வராவிட்டால் அடுத்த வருடம் பெரியவர்களோடு ஓட வேண்டும். ஐஸ் பக்கத்திலேயே வளர்ந்த இருபத்தைந்து வயதுக்காரிகளோடு இவள் எங்கே ஓடுவது? ஜூனியரில் அவளுக்கு அதுதான் கடைசி சான்ஸ். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அமைதியாக இருந்தாள். நான்தான் பொழுது விடிந்தால் கோயில், பல்லாவரம் வரை போய்ப் பிரார்த்தனை என்று அலைந்தேன்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது.

எல்லார் வீட்டிலும் போலத்தான் எங்கள் வீட்டிலும். தையல் மிஷின், அருவாமனை, ஸ்குரூ டிரைவர், மகளின் புத்தகங்கள், லேப்டாப், சக்கர ஸ்கேட்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். க்ளினிக்கிலும் காலையில் பூஜை போட்டோம். அங்கே கருவிகளுக்குப் பொட்டு வைப்பது கிடையாது. மேசைக்கும் கம்ப்யூட்டருக்கும் வைப்பதோடு சரி, பல் கருவி பக்கம் போனால் டாக்டர் கத்துவார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பீரோவிலிருந்து ஐஸ் ஸ்கேட்ஸை எடுத்து, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தேன். எண்ணெய் இருந்தால் சந்தனம் ஒட்டாதே. ஒவ்வொரு ப்ளேடுக்கும் இரண்டு பக்கமும் மும்மூன்று பொட்டு, குழைத்த சந்தனத்தின் மேல் தாராளமாகக் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி ப்ளேடுக்கு ஒட்டின மாதிரி வைத்தேன். உலகத்தில் இருக்கிற எல்லாப் பொருளையும்விட எனக்கு அன்று அந்த ப்ளேடுதான் ஆயுதம். அதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது?

மகள் குளித்துவிட்டு வந்து பார்த்தாள்.

"ப்ளேடுக்குமாம்மா?"

புத்தகத்துக்கு வைத்தால் மட்டும் பேசாமல் கும்பிடுகிறாயே என்று ஒரு அதட்டு அதட்டினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மறுநாள் எடுத்தவுடன் துடைத்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கும்பிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்து எல்லாவற்றையும் எடுத்தேன். துணியும் எண்ணெயும் கையிலேயே இருந்தன. துடைக்கப் போனேன், கை போகவில்லை. கீழே பார்க்கிங்கில் நிற்கிற வண்டிகளைப் பாருங்கள், பூஜைக்கு வைத்த பொட்டை ஒருத்தரும் துடைக்க மாட்டார்கள். மழையிலும் வெயிலிலும் அதுவாகப் போகும்வரை இருக்கும். பதினோரு நாளில் தேர்வை வைத்துக்கொண்டு, அம்பாளுக்கு வைத்த குங்குமத்தை என் கையாலேயே அழிப்பதா? பொட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மட்டும் எண்ணெய் தடவினேன், கோலத்தைச் சுற்றிப் பெருக்குகிற மாதிரி. துணி உறை போட்டுப் பைக்குள் வைத்தேன். பொட்டலங்களையும் போட்டேன். கிளம்புவதற்கு முன்னால் துடைத்துக்கொள்ளலாம், அதுவரை அம்பாள் அதன்கூடவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் நல்ல மழை. வழக்கமாக வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பவள் அந்த வாரம் பார்க்கவும் இல்லை. குங்குமத்தோடு இருக்கிறது, கை படாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயில். வியாழக்கிழமை காலை மகள் கல்லூரிக்குப் போன பிறகு பையைத் திறந்தேன். குங்குமம் கறுத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். கீழே பழுப்பு. எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். பழுப்பு போன இடத்தில் கறுப்பாக, பொடிப்பொடியாகக் குழிகள் இருந்தன. நான் வைத்த இடத்தில், வைத்த வட்டத்தில், மூன்று மூன்றாக. எலுமிச்சைச் சாறு வழிந்த இடத்தில் ஒரு கோடு. எல்லாவற்றையும்விடக் கொடுமை வலது ப்ளேடின் உள்பக்க நடுப்பொட்டு. அது சரியாக ஓரத்தில் விழுந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தேன். சொரசொரவென்று தட்டியது. வளைவில் அவள் மொத்த எடையும் நிற்கிற இடம் அதுதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அம்பாளைத் திட்டினேன். பிறகு அம்பாள் என்ன செய்வாள், எலுமிச்சையில் புளிப்பு இருப்பது எனக்குத் தெரியாதா என்று என்னையே திட்டினேன். கணவருக்கு போன் செய்தால் அவர் மறைமலை நகர் கம்பெனியில் ஷிஃப்டில் இருப்பார், எடுக்க மாட்டார். எடுத்தாலும் என்னவென்று சொல்வது? மகள் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும், அவளுக்குத் தெரியவே கூடாது என்பது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. பால்கனிக் கம்பி சுரண்ட வாங்கி வைத்திருந்த எமரி பேப்பர் இருந்தது. விரலில் சுற்றி அந்த ஓரத்தைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. கூர் இருக்கிறதா என்று மகள் நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்பாள், வெள்ளையாகச் சீவல் வரும். நானும் அப்படி இழுத்துப் பார்த்தேன். சீவல் வரவில்லை. ஓரத்தையே மழுக்கிவிட்டிருந்தேன். குழி அப்படியே இருந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு குரோம்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தேன். அங்கே ஒரு சந்தில் லேத் பட்டறை இருப்பது தெரியும், க்ளினிக் நாற்காலியின் கம்பி அங்கேதான் செய்தோம். பட்டறைக்காரர் ப்ளேடை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இது நேராக இல்லையே, நடுவில் வில் மாதிரி வளைந்திருக்கிறதே என்றார். ஆமாம், அந்த வளைவும் கெடக் கூடாது, குழியும் போக வேண்டும் என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவர் ப்ளேடை மெதுவாக என் கையில் வைத்தார்.

"க்ரைண்டர்ல காட்னா ரெண்டு நிமிஷ வேல யக்கா. சூடு ஏறி கூரு போய்டும், வளைவும் போய்டும். அப்பால பொண்ணு வுழுந்துச்சுன்னா? என்னால முடியாதுக்கா."

யாராவது ஒருவர் முடியும் என்று பொய்யாவது சொல்லக் கூடாதா என்றிருந்தது. அவர் காசும் வாங்கவில்லை, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். பட்டறை வாசலில் நின்றே கோச்சுக்கு போன் செய்தேன். பொட்டு, எலுமிச்சை, எமரி பேப்பர் எல்லாவற்றையும் சொன்னேன். புது ப்ளேடு வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார். இன்னொருத்தி ப்ளேடைக் கழற்றி மாட்டலாமா என்றேன். ஒவ்வொருத்தர் காலுக்கும் சாய்வு வேறு, இரண்டு நாளில் பழக முடியாது என்றார். மகளிடம் சொல்லிக் கல்லில் தேய்க்கச் சொல்லுங்கள், எவ்வளவு போகிறதோ போகட்டும் என்றார். இனிமேல் நீங்கள் ப்ளேடைத் தொடாதீர்கள் என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் மகள் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். இரண்டு நிமிஷம் தள்ளிப் போட்டிருந்தால் தைரியம் போயிருக்கும். அவள் கத்துவாள், நானும் பதிலுக்குக் கத்தி அழுது தீர்த்துவிடலாம் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் ப்ளேடை வாங்கி ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். நகத்தை வைத்து இழுத்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"துடைக்கச் சொன்னேனேம்மா" என்றாள். அவ்வளவுதான்.

அதன்பிறகு இரண்டு ஷூவையும் தலைகீழாக இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தை எடுத்து ஹாலில் வைத்தாள். நீளக் கல்லில் எண்ணெய் விட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போகவில்லை, சனிக்கிழமை ஓடப் போகவில்லை. வீடு முழுக்க அந்தச் சத்தம்தான். மூக்கில் இரும்பு வாசனை. என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். என்ன பண்ணி வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரும் கேட்கவில்லை. சட்டம் ஆடாமல் இருக்க அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னைப் பிடிக்கச் சொல்லவில்லை. நான் காபி போட்டேன், தோசை சுட்டேன், அவர்கள் வாயில் ஊட்டாத குறை. இத்தனை வருடம் என் இலாகா என்று மார் தட்டியவள், என் வீட்டிலேயே அதைத் தொட அனுமதி இல்லாமல் சமையலறை வாசலில் நின்றேன்.

குழி அடி ஓரத்தில் மட்டும் இருந்திருந்தால் தேய்த்துத் தேய்த்து அதைத் தாண்டிப் போயிருக்கலாம். நான் பொட்டு வைத்ததோ பக்கவாட்டில். விரல் அகலத்துக்கு ப்ளேடின் பக்கத்திலேயே குழிகள் மேலேறிப் போயிருந்தன. ஒரு அடுக்கு தேய்த்து எடுத்தால் புது ஓரம் வரும், அதே இடத்தில் அடுத்த குழி வந்து நிற்கும். இன்னொரு அடுக்கு எடுத்தால் இன்னொன்று. எமரி போட்ட மழுங்கல் வெள்ளிக்கிழமை மத்தியானமே சரியாகிவிட்டது. எலுமிச்சைக் கோடு போய்விட்டது. இடது ப்ளேடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. வலது ப்ளேடின் நடுவில் மட்டும், ஒரு எள் அளவுக்கு, ஓரம் இல்லாமலே இருந்தது. சனிக்கிழமை மாலை அவள் கல்லைக் கீழே வைத்தாள். இதற்கு மேல் எடுத்தால் வளைவு மாறிவிடும் என்றாள். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேற்றப் போனோம். சென்ட்ரலில் ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாப்பாட்டுப் பையில் தயிர் சாதம் மேலே இருக்கிறது, சாய்த்துவிடாதே என்றுதான் வந்தது.

தேர்வு நாளன்று க்ளினிக்குக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். மத்தியானம் கருவிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கோச் ஒரு வீடியோ போட்டார். ஐந்நூறு மீட்டர், நாலரைச் சுற்று, ஐந்து பெண்கள். கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கோட்டை விட்டு முதலில் பாய்ந்தது என் மகள்தான். அப்படி ஒரு பாய்ச்சலை அவள் பாய்ந்து நான் பார்த்ததே இல்லை. முதல் சுற்று முழுக்க அவள்தான் முன்னால். இரண்டாவது சுற்றில் ஒருத்தி தாண்டினாள், இவள் விடாமல் ஒட்டிக்கொண்டே போனாள். மூன்றாவது சுற்றின் வளைவில் நன்றாகச் சாய்ந்தாள். யாரும் பக்கத்தில் இல்லை, யாரும் இடிக்கவில்லை. வலது கால் மட்டும் தானாக வெளியே வழுக்கிக்கொண்டு போனது. அவள் முதுகால் சறுக்கிப் போய் சுவர் மெத்தையில் மோதினாள். எழுந்தாள். மற்றவர்கள் எல்லாரும் முடித்த பிறகு தனியாக ஓடி முடித்தாள்.

மறுபடி போட்டுப் பார்த்தேன். மறுபடியும். கால் வழுக்குகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். டாக்டர் கூப்பிட்டது காதில் விழவில்லை. அந்த எள் அளவு இடத்தை நான்தான் என் மோதிர விரலால் தொட்டு வைத்தேன். வைக்கும்போது அவள் பெயரைச் சொல்லி வைத்தேன்.

நாலு மணிக்கு மகள் போன் செய்தாள். குழுவில் வீடியோ வந்தது அவளுக்குத் தெரியாது.

"போச்சும்மா" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது, ரொம்பச் சாதாரணமாக. அடி பட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அவளே அவசரமாகச் சொன்னாள்:

"ஸ்டார்ட்ல சொதப்பிட்டேம்மா. கன் சத்தத்துக்கு நான்தான் லேட்டு. ப்ளேடெல்லாம் சூப்பரா இருந்துச்சு, நல்லா கடிச்சுது. ப்ளேடு ஒண்ணும் பண்ணலம்மா."

வீடியோ என் கையில்தான் இருந்தது. பார்த்துவிட்டேன் கண்ணு என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. பொய்யைக் கண்டால் பொறுக்காதவள் நான், சின்ன வயதில் அவள் சொன்ன ஒரு பென்சில் பொய்க்குக்கூட விட்டதில்லை. ஆனால் இதை இரண்டு நாள் யோசித்து, எனக்காக ஒத்திகை பார்த்துச் சொல்கிறாள் என்பது புரிந்தது. ஓடுவதற்கு முன்பே யோசித்து வைத்திருப்பாள்.

"சரி கண்ணு" என்றேன். "அடுத்த வாட்டி ஸ்டார்ட்ட நல்லா பழகிக்கோ."

ஜூனியரில் அவளுக்கு அடுத்த வாட்டி கிடையாது.

"சரிம்மா" என்றாள். "பழகிக்கிறேன்."